பூட்டி வைப்பதற்காகக் கட்டிய அறை

பழைய வீட்டைச் செப்பனிட்டு விடுதியாக்குவது சரியா தவறா என்று எங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. என் கணவருக்கு இதில் சந்தேகமே கிடையாது. இடிபடுவதைவிட வாடகைக்குப் போவது மேல் என்பார். சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். அதை மறுக்க எனக்கு வாய் வருவதில்லை, ஒப்புக்கொள்ளவும் மனம் வருவதில்லை. காரைக்குடிப் பக்கத்தில் ஒரு நாட்டுக்கோட்டை நகரத்தார் வீட்டில் விடுமுறைக்குத் தங்கிவிட்டு வந்ததிலிருந்து இந்த நிலைமை. வீட்டின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அதை நடத்துகிறவர்கள் எங்களை நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள். என்னை அரிப்பது வேறு.

செட்டிநாட்டு வீடு எப்படி இருக்கும் என்று இங்கே வர்ணிக்கத் தேவையில்லை. திருமணப் படம் எடுப்பவர்களும் சினிமாக்காரர்களும் சேர்ந்து அதை நம் எல்லோருக்கும் மனப்பாடமாக்கிவிட்டார்கள். முகப்பில் கஜலட்சுமி, பர்மா தேக்குத் தூண்கள், வளவு என்னும் வானத்தைப் பார்த்த உள்முற்றம், சுற்றிலும் வரிசையாகச் சிறிய அறைகள், அதற்கப்பால் இரண்டாங்கட்டு, அடுக்களை, கடைசியில் பின் தெருவுக்குத் திறக்கும் கதவு. முன்வாசலில் நின்று பார்த்தால் நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நின்று பின் தெரு வெளிச்சம் வரை தெரியும். சாப்பாட்டைப் பற்றி எழுதத் தொடங்கினால் கட்டுரை பந்தியிலேயே உட்கார்ந்துவிடும், அதனால் அதையும் விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அந்தச் சிறிய அறைகளில் ஒன்றைப் பற்றி. அதில்தான் எங்களைத் தங்கவைத்திருந்தார்கள்.

யாரும் படுக்காத இடத்தில் கட்டில்

அறையின் கதவைத்தான் முதலில் பார்த்தேன். நல்ல உயரமான ஆளே குனிந்து நுழைய வேண்டிய நிலை. சுற்றிலும் கொடியும் கிளியும் செதுக்கிய தேக்கு. கதவுப் பலகையின் கனத்தைப் பார்த்தால் உள்ளே ஒரு சிறிய வங்கி இருக்கும் என்றுதான் தோன்றும். பழைய பூட்டை அப்படியே விட்டிருந்தார்கள். சாவி முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம். அது அலங்காரத்துக்கு. உண்மையான பூட்டு, கீழே புதிதாகத் துளை போட்டுப் பொருத்தியிருந்த ஓட்டல் பூட்டு. உள்ளே நான்கு கால்களிலும் கடைசல் வேலை செய்த பெரிய கட்டில், அதன்மேல் வெள்ளை விரிப்பு, விரிப்பின்மேல் தாமரைப் பூ. தலைக்குமேல் குளிரூட்டி. வெளிப்பக்கம் பார்த்த ஜன்னல் கிடையாது. சுவரின் மேல்பகுதியில் ஒரு காற்றுத் துளை இருந்ததற்கான தடம் மட்டும் இருந்தது. குளிர் வெளியே போய்விடக் கூடாது என்று அதையும் அடைத்துவிட்டிருந்தார்கள்.

முதல் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புது இடம் என்பதால் இருக்கும் என்று கணவர் சொன்னார். சொன்ன கையோடு குறட்டை விட்டார். நள்ளிரவுக்குப் பிறகு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது, ஆனால் அறைக் குளிரூட்டிக்கு அது எட்டவில்லை. சற்று நேரத்தில் காற்று நின்றுபோய் அறை ஒரு மூடிய பெட்டியாகிவிட்டது. எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு வளவுக்கு வந்தேன். அங்கே வைகாசி மாதத்துப் புழுக்கமே இல்லை. முற்றத்தின் திறப்பு வழியாகச் சூடான காற்று மேலேறிப் போய்க்கொண்டிருந்தது. பின்கட்டுப் பக்கத்திலிருந்து மெல்லிய காற்றோட்டம் தரையை ஒட்டி வந்துகொண்டிருந்தது. கருங்கல் விளிம்பில் கால் வைத்தால் குளிர்ந்தது. ஒரு தலையணையை எடுத்துவந்து தூண் ஓரமாகப் படுத்தேன். காவலுக்கு இருந்த பெரியவர் வந்து விளக்கைக் காட்டி, ஏதும் குறையா அம்மா என்று கேட்டார். இல்லை என்றேன். எல்லோரும் கடைசியில் இங்கேதான் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மேலாளரிடம் இதைச் சொன்னேன். ஓட்டல் நிர்வாகம் படித்த இளைஞர், மரியாதையான பிள்ளை. ஜெனரேட்டரை மாற்றச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். பிறகு எங்களை அழைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார். ஒவ்வொரு தூணும் ஒரே மரம் என்றார். கப்பலில் ரங்கூனிலிருந்து வந்தது என்றார். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் விதத்தை அவர் சொன்ன அழகை இன்னும் மறக்கவில்லை: கண்ணாடித் துண்டின்மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கண்ணறையிலும் ஒவ்வொரு வண்ணச் சாந்தை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் இட்டு நிரப்பி, இறுகியதும் தண்ணீரில் ஊறப்போடுவார்களாம். சூளையே கிடையாது. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த முகம்தான் பிறகு நம் காலடியில் பளபளக்கும் முகம். நடக்க நடக்கத்தான் அதற்கு மெருகு ஏறும், பூட்டிக் கிடந்தால் மங்கிவிடும் என்றார். அந்த வாக்கியத்தைக் கணவர் உடனே பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு வாக்குவாதத்திலும் அது அவருடைய முதல் சாட்சி.

எனக்குக் கிடைத்த சாட்சி சுவரில் இருந்தது. வளவைச் சுற்றிய சுவர்களில் பழைய சுண்ணாம்புப் பூச்சு இன்னும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீரில் குழைத்த காரை அடியில், அதன்மேல் அடுக்கடுக்காக மேலும் மேலும் நைசான பூச்சு, கடைசி அடுக்கில் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும். அதைக் கூழாங்கல்லால் நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். உள்ளங்கையை வைத்தால் பளிங்கைத் தொட்டது போலச் சில்லென்று இருந்தது. எங்கள் அறை வாசலை ஒட்டி, இடுப்பு உயரத்தில், அந்த வழவழப்பு திடீரென்று நின்று ஒரு முழ அகலத்துக்குச் சொரசொரப்பு. குளியலறைக்குக் குழாய் கொண்டுபோவதற்காகச் சுவரைக் கீறி, சிமெண்டால் மூடி, வெள்ளையடித்திருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், திரும்ப வெளியே விடும். சிமெண்ட் விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வேறு வழியில்லாமல் பக்கத்திலிருக்கும் பழைய பூச்சைத் தேடிப் போகிறது. அந்த ஒட்டின் இரண்டு ஓரங்களிலும் உப்புப் பூத்து, நூறு வருடம் அசையாமல் நின்ற பூச்சு அப்பளம் மாதிரி பொரிந்து நின்றது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். பழைய பூச்சு கெட்டியாக ஒலித்தது; ஒட்டின் ஓரம் பொள்ளென்றது. மேலாளர், அடுத்த பருவத்துக்குள் மறுபடி வெள்ளையடித்துவிடுவோம் என்றார்.

ஆச்சி வந்தார்

அன்று மாலை நாங்கள் அறையில் இருந்தோம். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பேச்சுச் சத்தம். மேலாளர் யாருக்கோ ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவர் வாசலில் வந்து நின்று தயங்கினார். வீட்டுக்காரர்களில் ஒருவர் கோயிலுக்கு வந்திருக்கிறார், உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் இந்த அறையை ஒரு முறை பார்த்துவிட்டுப் போக விரும்புகிறார் என்றார். அவருக்குப் பின்னால் எண்பதை நெருங்கும் ஓர் ஆச்சி, கைத்தடியுடன், நூல் புடவையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்து, “ஒரு நிமிடம் உள்ளே வரலாமா அம்மா?” என்று கேட்டார். நான் பதறி எழுந்து, “உள்ளே வாருங்கள் ஆச்சி” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. திருமணமாகி அந்த வீட்டுக்கு வந்தவரை, அவருக்கென்று ஒதுக்கிய அறைக்குள், இரண்டு நாள் வாடகை கட்டிய நான் வரவேற்றுக்கொண்டிருந்தேன். அவரோ அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு, நிலையில் தலை இடிக்காமல் பழக்கப்பட்ட குனிவோடு உள்ளே வந்தார். என்னை இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் குனிவும் அந்தக் கேள்வியும்தான். அவர் வருந்தியிருந்தால், கண் கலங்கியிருந்தால், எனக்கு எளிதாக இருந்திருக்கும். நாமெல்லாம் எதிர்பார்ப்பது அதைத்தானே. அவர் கட்டிலைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், குளிரூட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “இதிலேயா படுக்கிறீர்கள்?” என்றார்.

அதற்குப் பின் அவர் சொன்னதைக் கேட்டபோது முந்தைய இரவின் கதை எனக்குப் புரிந்தது. அந்த அறை படுப்பதற்கானதே இல்லை. திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை உண்டு. ஒவ்வொரு குடும்பமும் கணக்கில் ஒரு புள்ளி. அந்த அறை அந்தப் புள்ளியின் உடைமை. ஆச்சியின் சீர்வரிசை முழுவதும் அங்கேதான் இருந்தது. பித்தளை அண்டாக்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, எனாமல் தூக்குகள் அளவு வரிசையில், மங்கு எனும் பீங்கான் சாமான்கள் வைக்கோல் சுற்றி, தகரப் பெட்டிகளில் புடவைகள், தரையிலிருந்து பரண் வரை. பெட்டிகளுக்கு நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நடக்க வழி இருக்கும். புதிதாக மணமான நாள்களில் தம்பதிக்கு அங்கே பாய் விரிப்பார்கள், அதோடு சரி. மற்றபடி பெண்கள் வளவிலும் இரண்டாங்கட்டிலும் படுப்பார்கள், ஆண்கள் முகப்பிலும் பட்டாலையிலும். கோடையில் எல்லோருமே காற்று வரும் இடம் பார்த்துப் பாயை இழுத்துக்கொண்டு போவார்கள். அறைக்கு வேலை, பூட்டிக்கொள்வது. சாவி இடுப்பில். பகலில் பொருள் எடுக்கப் போனால்கூட சீக்கிரம் வெளியே வந்துவிடத் தோன்றுமாம், அவ்வளவு வெக்கை.

“இதில் தூங்கக் காசு வேறு கொடுக்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டு ஆச்சி சிரித்தார். நானும் சிரித்தேன், கணவர் சிரிக்கவில்லை. எவ்வளவு காசு என்பது அவருக்குத்தான் தெரியும்.

பிறகு குளியலறையைப் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு அறைகளுக்கு நடுவே சுவரைத் திறந்து, பக்கத்து அறையைக் குளியலறையாக்கியிருந்தார்கள். வெள்ளைப் பீங்கான், சுடுநீர்க் குழாய், பெரிய கண்ணாடி. ஆச்சி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அது தன் கணவருடைய தம்பியின் அறை என்றார். சின்னவர். பங்கு பிரிப்பதில் தகராறாகி, இரண்டு குடும்பமும் ஒரே வளவில் வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். அடுத்தடுத்த கதவு, தனித்தனி அடுப்பு, பேச்சு கிடையாது. “சின்னவர் அறையா இப்படி ஆனது!” என்று அவர் சிரிக்கத் தொடங்கி, தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேலாளர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். சிரிப்பு அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார்: அந்தக் காலத்தில் இது மட்டும் இருந்திருந்தால், நிறைமாதத்தில் இருட்டில் அரிக்கேன் விளக்கோடு கொல்லைக்குப் போயிருக்க வேண்டாம்.

நான் சுவரைக் கீறிக் குழாய் போட்டதைப் பற்றி மனதுக்குள் ஒரு நீண்ட கண்டனம் எழுதி வைத்திருந்தேன். ஆச்சியின் அந்த ஒரு வரி அதில் பாதியை அடித்துவிட்டது. சிமெண்ட் ஒட்டு இன்னமும் தவறுதான், சுண்ணாம்புக் காரையாலேயே அதை மூடியிருக்கலாம். அதற்குக் கொத்தனார் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் நாள் பிடிக்கும், செலவாகும், ஆனாலும் செய்திருக்க வேண்டும். ஆனால் குளியலறையே அந்த வீட்டின் மேல் செய்த வன்முறை என்று நினைத்தேனே, அந்த வாதம் எண்பது வயதுப் பெண் முன்னால் நிற்கவில்லை. பழமையை மாற்றாமல் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்களில் அந்தக் கொல்லைக்கு இருட்டில் போனவர்கள் எத்தனை பேர்?

கையெழுத்துகள்

ஆச்சி போன பிறகு, வீடு எப்படி வாடகைக்கு வந்தது என்று மேலாளரிடம் கேட்டேன். பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டியிருந்தது என்றார். அந்த ஒரு வரிக்குள் எத்தனை வருட இழுபறி இருந்திருக்கும் என்பது பூர்வீகச் சொத்துள்ள எந்தக் குடும்பத்துக்கும் தெரியும். இந்த வீடுகள் மகன்வழியில் புள்ளி புள்ளியாகப் பிரிந்துகொண்டே வந்தவை. பெண்களுக்கு வரிசை வைத்து அனுப்பிவிட்டால் பிறந்த வீட்டில் அறை கிடையாது. 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு தந்தது. நாடு முழுவதற்கும் 2005இல் அது வந்தது. நியாயம்தான், காலம் கடந்து வந்த நியாயம். ஆனால் அதோடு கையெழுத்துப் போட வேண்டியவர்களின் வரிசையும் நீண்டுவிட்டது. கோலாலம்பூரில் ஒருவர், டெக்சாஸில் ஒருவர், பதிலே போடாத ஒருவர். ஒருவர் மறுத்தாலும் கூரைக்கு ஓடு மாற்ற முடியாது. ஒழுகும் கூரையின் கீழ் தேக்கு உளுக்கத் தொடங்கும்போது, எல்லோரும் சுலபமாக ஒத்துக்கொள்ளும் ஒரே முடிவு விற்றுப் பங்கு பிரிப்பது. விற்றால் வாங்குகிறவருக்கு வீடு வேண்டாம், மரம்தான் வேண்டும்.

மரம் எங்கே போகிறது என்பதைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால் பார்க்கலாம். மறுநாள் நாங்களும் நடந்தோம். கடைக்குக் கடை நிலைக்கதவுகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. தூண்கள் விறகுபோல் படுத்துக் கிடக்கின்றன. எனாமல் தூக்குகள், பெல்ஜியம் கண்ணாடி, பர்மாவின் அரக்குப் பெட்டிகள், யாரோ ஒருவருடைய ஐயாவின் சட்டமிட்ட படம். ஒரு கதவின் விலையைக் கணவர் கேட்டார், வாங்க அல்ல, என்னிடம் காட்டுவதற்கு. இதற்கு நீ என்ன சொல்கிறாய் என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? ஒரு காலத்தில் 96 ஊர்கள் என்று கணக்குச் சொல்லும் செட்டிநாட்டில் இப்போது எழுபதுச் சொச்சம் ஊர்கள்தான். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இந்த ஊர்த் தொகுதியின் பெயர் ஏறியது. பட்டியலில் பெயர் இருப்பதால் எந்தப் பங்காளியும் வீட்டை இடிக்காமல் இருந்துவிடப் போவதில்லை. கானாடுகாத்தான், கோத்தமங்கலம், கடியாபட்டி போன்ற ஊர்களில் இன்று கூரை ஒழுகாமல் நிற்கும் பெரிய வீடுகளில் சில, விருந்தினர் வந்து தங்குவதால்தான் அப்படி நிற்கின்றன. வாடகை வருகிறது, அதனால் ஓடு மாற்றப்படுகிறது. இதை நான் மறுக்கவில்லை.

சுற்றிக் காட்டும்போது சொல்லாதது

என் மனக்குறை சிமெண்ட்டையும் கட்டிலையும் தாண்டி, அங்கே விருந்தினருக்குச் சொல்லும் கதையில் இருக்கிறது. மேலாளர் தூணைத் தட்டி ‘பர்மா தேக்கு’ என்று சொன்னபோது அதில் ஒரு பெருமை இருந்தது. பர்மா என்பது அங்கே மரத்தின் தரத்தைச் சொல்லும் முத்திரை, அவ்வளவுதான். 1852க்குப் பிறகு கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்து, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து, ஐராவதி முகத்துவாரக் காடெல்லாம் நெல்வயலாக மாறியபோது, அந்த உழவர்களுக்குக் கடன் கொடுக்க நம் ஊர்களிலிருந்து போனவர்கள் கட்டிய வீடு இது. மூன்று வருடத் தவணையில் ஆண்கள் அங்கே கணக்குப் பார்த்தார்கள், பெண்கள் இங்கே வளவில் பிள்ளை வளர்த்தார்கள். 1930இல் உலகப் பொருளாதாரமே சரிந்து நெல்விலை விழுந்தபோது, கடனைக் கட்ட முடியாத உழவர்களின் நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் 6 விழுக்காடு நிலம் இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது 25 விழுக்காடானது. அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் இல்லை. கடனுக்குப் பதிலாக வந்து சேர்ந்த, விற்க முடியாத நிலம். ஆனால் இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் எதற்கு? 1942இல் ஜப்பானியப் படை வந்தது, பலர் காடு மலை கடந்து நடந்தே வந்தார்கள். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கியது. வீடுகள் மட்டும் மிஞ்சின, அவற்றைப் பராமரிக்கும் வருமானம் மிஞ்சவில்லை.

இந்த வரலாறு தெரிந்தால் விருந்தினர் வராமல் போய்விடுவார்களா? நான் அப்படி நினைக்கவில்லை. வீடு இன்னும் சுவாரசியமாகத்தான் ஆகும். ஆனால் விடுதிக்கு வேண்டியது காலமே தொடாத ஒரு வீடு: எப்போதும் கோலம், எப்போதும் பூ, எப்போதும் சிரித்த முகம். கடனும் பங்குச் சண்டையும் கொல்லை விளக்கும் அதில் இடம்பெறுவதில்லை. எங்கள் அறை வாசலில் பித்தளைப் பலகையில் ஒரு ராகத்தின் பெயர் பொறித்திருந்தது. பக்கத்து அறைக்கு இன்னொரு ராகம். நான் ஆச்சியிடம் வீட்டில் யாராவது பாடுவார்களா என்று கேட்டேன். சின்னவர் வானொலி வைத்திருந்தார், அதைக் கூட்டி வைப்பார், அதனாலும் ஒரு சண்டை என்றார். ஓர் அறைக்கு அதுவரை இருந்த அடையாளம், அது எந்தப் புள்ளியுடையது என்பது. அதைத் துடைத்துவிட்டு ராகத்தை மாட்டியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் குளிரூட்டியைவிடப் பெரிய பொய் அந்தப் பித்தளைப் பலகை.

யார் எதுவரை உள்ளே வரலாம் என்பதில் அந்த வீட்டைக் கட்டியவர்கள் மிகக் கண்டிப்பானவர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வியாபார விஷயமாக வருகிறவர் முகப்போடு சரி. வேலைக்காரர்கள் பின் தெரு வழியாக. வளவு குடும்பத்துக்கு, அதிலும் பெரும்பாலும் பெண்களுக்கு. சாதி பார்த்து வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். இன்று முன்பதிவு செய்துவிட்டு நான் செருப்பை மட்டும் கழற்றி வைத்துவிட்டு நேராக வளவின் நடுவில் போய் உட்கார்ந்து காபி கேட்க முடிகிறது. எந்தச் சாதி என்று யாரும் கேட்கவில்லை. இது வாடகை செய்த நல்ல காரியம், இதைக் கணவர் தன் பக்கச் சாட்சியாக இதுவரை சொல்லவில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் பணம் திறந்துவிட்ட அந்தக் கதவில், பணம் கட்டாத ஆச்சி அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் குடும்பத்துக்கு ஒரு வழி விட்டிருக்கிறார்களாம்: முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் சில விசேஷங்களுக்கும் முன்பதிவை நிறுத்திவிட்டு வீட்டை அவர்களிடம் கொடுக்க வேண்டும், சாமி அறையை எப்போதும் திறக்கக் கூடாது. அது நல்ல ஏற்பாடு. ஆச்சி வந்தது விசேஷ நாள் இல்லை, அவ்வளவுதான் சிக்கல்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று விஷயங்கள் கேட்டிருந்தேன். குழாய் ஒட்டைப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்புக் காரையால் பூச வேண்டும். கோடையில் விருப்பப்படுகிறவர்களுக்கு வளவில் பாய், கொசுவலை போட்டுக் கொடுத்து, அறையைப் பெட்டி வைக்க மட்டும் தர வேண்டும். அந்த வீட்டில் தங்குவது என்றால் அதுதான் தங்குவது. ராகப் பலகைகளை எடுத்துவிட்டு, குடும்பத்தார் சம்மதித்தால், எந்தப் புள்ளியின் அறை, என்ன வைத்திருந்தார்கள், யார் யாரோடு பேசவில்லை என்பதை எழுதி வைக்க வேண்டும். கடைசி வரியைக் கணவர் அடித்துவிடச் சொன்னார், நான் அடிக்கவில்லை.

பதில் விரைவாகவே வந்தது. எங்கள் மேலான கருத்துகளுக்கு நன்றி என்றும், விருந்தினரின் வசதியே தங்கள் குறிக்கோள் என்றும், ஜெனரேட்டர் மாற்றப்பட்டுவிட்டது என்றும் எழுதியிருந்தார்கள். அடுத்த முறை தங்குவதற்கு 10 விழுக்காடு தள்ளுபடிச் சீட்டு ஒன்றும் இணைத்திருந்தார்கள். கணவர் அதை அச்சிட்டு அலமாரியில் பத்திரப்படுத்தியிருக்கிறார். மார்கழியில் போகலாமா என்று கேட்கிறார். வளவில் படுக்க விடுவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றிருக்கிறேன்.